நான்கு முறை எழுதிய அம்மாள்

கேள்வி: தையல் தொழில் செய்பவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் அளவுகளைக் குறித்துவைத்துக்கொள்ள ஒரு செயலி நடத்துகிறேன். 4,000 பேர் பயன்படுத்துகிறார்கள். விளம்பரத்துக்குப் பணமில்லை, பயன்படுத்துபவர்களே நாலு பேரிடம் சொன்னால்தான் உண்டு. அதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். புதியவர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் ஒரு மாதம் இலவசம் என்றும் அறிவித்தேன். முதல் வாரம் நல்ல கூட்டம். இப்போது குழுவில் 300 பேர் இருந்தும் பேசுவது நான் மட்டும்தான். ஒரே ஒரு அம்மாள், அளவுகளின் வரிசையை மாற்றியது சரியில்லை என்று நான்கு முறை எழுதிவிட்டார். மற்றவர்களின் உற்சாகம் கெடுமே என்று அவரை நீக்கிவிட நினைக்கிறேன். உண்மையான ஆர்வலர்களை எப்படி உருவாக்குவது?

பதில்: நீக்கிவிடாதீர்கள். நீங்கள் தேடுகிற ஆள் அவர்தான்.

அவர் எழுதியதைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள், நல்லதாயிற்று. முன்பு உங்கள் செயலியில் தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று டேப் மேலிருந்து கீழே இறங்கும் வரிசையில் கட்டங்கள் இருந்தன. புதிய பதிப்பில் அகர வரிசையாக்கிவிட்டீர்கள். இடுப்பு முதலில் வருகிறது, தோள் மூன்றாவதாகப் போய்விட்டது. ஒரு கையில் டேப்பும் மறு கையில் போனுமாக நிற்பவர் ஒவ்வொரு அளவுக்கும் கட்டத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அகர வரிசை அகராதிக்கு அழகு, அளவெடுக்கும்போது எதற்கு? பிடிக்காதவர் செயலியை அழித்துவிட்டுப் பழைய நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பியிருப்பார். இவர் நான்கு முறை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

இலவச மாதம் பற்றி. ஒருவர் தன் தோழியிடம் "இது நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் தோழி நம்புவது, சொல்பவருக்கு அதில் ஆதாயம் இல்லை என்பதால்தான். நீங்கள் ஆதாயத்தைக் கொடுத்து அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டீர்கள். சொல்பவருக்கும் ஒரு கூச்சம் வந்துவிடும். 1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஓவியத்தில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று சிலரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, மற்றவர்களைவிட அந்தக் குழந்தைகள்தான் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளின் ஆசைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை; பேரம் கூடாது என்கிறேன். அறிவித்த சலுகையை வாக்குக் கொடுத்த நாள்வரை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த அம்மாளைத் தொலைபேசியில் அழையுங்கள். எழுத வேண்டாம், பேசுங்கள். வரிசையைத் திருத்துங்கள். வெளியிடுமுன் அவரிடம் கொடுத்து, உண்மையாகவே ஒருவருக்கு அளவெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், புதிய பதிப்பின் குறிப்பில் இந்த மாற்றம் யாரால் வந்தது என்று பெயரோடு போடுங்கள். பெயர் அச்சில் வருவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஃபயர்பாக்ஸ் உலாவி வெளிவந்த புதிதில், 2004 டிசம்பரில், அதன் ஆர்வலர்கள் தாங்களே பணம் போட்டு நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். பணம் கொடுத்த ஏறத்தாழ 10,000 பேரின் பெயர்களும் பொடி எழுத்தில் அதில் இருந்தன. கட்டைகளை இணைத்து விளையாடும் பொம்மைகளைச் செய்யும் லெகோ நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரசிகர் ஒருவர் அனுப்பும் மாதிரிக்கு 10,000 பேர் ஆதரவு சேர்ந்தால் அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறது. தேர்வாகிக் கடைக்கு வந்துவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் கையேட்டில் அவரைப் பற்றியும் எழுதுகிறது. தன் கை பட்ட பொருளைப் பற்றிப் பேசச் சொல்லி யாரும் யாரையும் தூண்ட வேண்டியதில்லை.

300 பேரை ஆர்வலர்களாக்கும் எண்ணத்தை விடுங்கள். உங்களுக்குக் கடிதம் எழுதியவர்கள், தவறு கண்டுபிடித்தவர்கள், பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் தேறுவார்கள். அவர்களுக்குத் தனிக் குழு போதும். அங்கே உங்கள் செயலியின் பெருமையைப் பாடாதீர்கள் (பெரிய குழுவில் தினமும் போடும் காலை வணக்கப் படங்களும் இங்கே வேண்டாம்). தையல்காரர்கள் கூடினால் தையலைப் பற்றித்தான் பேசுவார்கள். கழுத்து வெட்டில் துணி சுருங்குவது ஏன், அளவு சொல்லத் தெரியாத வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது, கொடுத்த தேதிக்கு முன்பே வந்து நிற்பவரை என்ன செய்வது. பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் அடுத்த பதிப்புக்கான வேலை அதில்தான் கிடைக்கும்.

யாராவது போட்டிச் செயலியைப் புகழ்ந்தால் அந்தச் செய்தியை அழிக்கக் கை பரபரக்கும். அழிக்காமல், அதில் எது பிடித்தது என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஆறு மாதமாவது ஆகும். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பத்து நிமிடம்தான். அவர் ஐந்தாவது முறை எழுதுவதற்குள் பேசிவிடுங்கள்.