ஐந்து வாரம் கூடிப் பேசினால் பீடியை விட முடியுமா?

கேள்வி: எங்கள் சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள், ஐந்து வாரம் குழுவாக உட்கார வைத்துப் பேசப் போகிறார்களாம். இருபது வருடப் பழக்கம் இதற்கெல்லாம் போகுமா? (மன்னார்குடி)

பதில்: எல்லோருக்கும் போகாது. ஆனால் கையேட்டைப் படித்துத் தானாக விட முயல்பவர்களைவிட, குழுவில் சேர்ந்தவர்கள் விடும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. விட்ட முதல் வாரம்தான் பெரும்பாடு. எரிச்சல் வரும், தூக்கம் கெடும். “களத்துமேட்டில் கை பையைத் தேடுச்சு, கடலைமிட்டாயை வாயில போட்டுக்கிட்டேன்” என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் அது டாக்டர் சொல்வதைவிட உறைக்கும். தாராளமாகப் போங்கள்.

கேள்வி: 30 பேரோடு குழு நடத்தினோம். கடைசி நாள் 12 பேர் வந்தார்கள், 9 பேர் விட்டதாகச் சொன்னார்கள். 75 சதவீத வெற்றி எனலாமா? (கும்பகோணம், தன்னார்வலர்)

பதில்: வேண்டாம். வராத 18 பேரும் புகைக்கிறார்கள் என்றே கணக்கு வைக்க வேண்டும். 30க்கு 9, அதாவது 30 சதவீதம். அதுவும் கடைசி நாள் கணக்குதான். ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள், வாய்ச்சொல்லோடு நிறுத்தாதீர்கள். உங்கள் உழைப்பைப் பார்த்து, மனம் நோகக்கூடாதே என்று “விட்டுட்டேன்” என்பவர்கள் உண்டு. மூச்சில் கார்பன் மோனாக்சைடு (பீடிப் புகையில் வரும் வாயு) பார்க்கும் கருவி எளிது, ஆனால் ஒரு நாள் புகைக்காமல் வந்தாலே அளவு இறங்கிவிடும். எச்சிலில் கோட்டினின் (நிகோட்டின் உடலுக்குள் போய் மாறும் பொருள்) பார்த்தால் சில நாள் முன்பு புகைத்ததும் தெரியும். அப்புறம், குழு இல்லாமலே சிலர் விட்டிருப்பார்கள். வெறும் அறிவுரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடாமல் உங்கள் 30 சதவீதம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

கேள்வி: அப்படி ஒப்பிட, ஒரே தெருவில் பாதிப் பேருக்குக் குழு, மீதிப் பேருக்கு அறிவுரை என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாமா? (திருவாரூர்)

பதில்: குழுவில் காலையில் பேசியது சாயங்காலம் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடும், வித்தியாசம் கரைந்துவிடும். ஊர் ஊராகக் குலுக்குங்கள். ஒரே ஊர்க்காரர்கள் பழக்கத்தில் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், ஓர் ஊரில் ஆள் கூட்டுவதைவிட ஊர்களைக் கூட்டுவதே பலன். இரு தரப்பையும் ஒரே பருவத்தில் தொடங்குங்கள். அறுவடைக் காசு புழங்கும் மாதத்தில் ஓர் ஊர், கை காய்ந்த மாதத்தில் இன்னோர் ஊர் என்றால் ஒப்பீடே பாழ். ஜூன் 12 மேட்டூர் திறந்து நடவு மும்முரமாகிவிட்டால் யாரும் வர மாட்டார்கள், அதையும் பாருங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறார். (மயிலாடுதுறை)

பதில்: சரி, கட்டாயப்படுத்தாதீர்கள் அம்மா. தனி ஆலோசனையைவிடக் குழு உயர்ந்தது என்று நிரூபணமாகவில்லை. 1800-11-2356 புகையிலையை விட உதவும் கட்டணமில்லாத எண், அவரே பேசட்டும். விடும் தேதியையும் அவரே குறிக்கட்டும்.