மாகோவில் முடிந்த பற்றரி

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. பள்ளிக்கூட விடுமுறைக்கு ரயிலில் யாழ்ப்பாணம் போகிறோம். போன முறை போனைக் கையில் கொடுத்து இருத்தினேன். மாகோவில் பற்றரி முடிந்தது. அங்கிருந்து வவுனியா வரை இரண்டு பேரும் அழுத அழுகையில், முன்னால் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார். இந்த முறை என்ன செய்யலாம்?

ஒரு தாய்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த மனிதரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். விடுமுறைக் காலத்தில் வேறு பெட்டியில் இடம் கிடைத்ததே அவருடைய அதிர்ஷ்டம்.

"இன்னும் நாலு மணித்தியாலம்" என்றால் ஆறு வயதுக்கு ஒன்றும் விளங்காது. எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். என் அப்பா அதற்கு ஸ்ரேஷன் பெயர்களை வைத்திருந்தார். எண்பதுகளில் யாழ்தேவியில் போகும்போது பொல்காவலை, குருநாகல், மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று பாட்டுப்போலச் சொல்ல வேண்டும். ஒன்று தவறினால் திரும்பக் கொழும்புக் கோட்டை ஸ்ரேஷனிலிருந்து தொடங்க வேண்டும். 1990இல் அந்த ரயில் நின்றது. 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வவுனியா வரை கடகடவென்று சொன்னேன். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம்... அதற்கு மேல் வாய் வரவில்லை. மகள்தான் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "கிளிநொச்சி".

ஒரு நீளக் கடதாசியில் ரயில் நிற்கும் இடங்களை வரிசையாக எழுதி, மகளிடம் கொடுங்கள். ஒவ்வொன்றும் வர அவள் வாசிக்கட்டும், தம்பி அந்தத் துண்டைக் கிழிக்கட்டும். மூன்று வயதுக்குக் கிழிப்பதைவிட நல்ல வேலை இல்லை. கடதாசி குறுகக் குறுக யாழ்ப்பாணம் கிட்ட வருவது கண்ணுக்குத் தெரியும்.

இடையில் நொடி போடலாம். "அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிவாள், அது என்ன?" என்று என் மகளிடம் கேட்டேன். அம்மியும் குழவியும் என்று நானே விடை சொன்னபோது, "அம்மி என்றால் என்ன?" என்றாள். கொழும்பு பிளாட்டில் மிக்சியோடு வளர்ந்த பிள்ளை, வேறு எப்படிக் கேட்பாள்? அன்றைக்கு அம்மம்மா வீட்டில் இறங்கியதும், யாரோடும் பேசாமல் நேரே பின்பக்கம் போய் அம்மியைத் தேடினாள். ஊரில் காணக்கூடிய பொருள்களாகப் பார்த்து நொடி எடுத்து வையுங்கள்.

கச்சான் வாங்கினால் கோதோடு வாங்குங்கள், உடைக்கவே அரை மணித்தியாலம் போகும். ஆனால் சின்னவன் உடைக்கட்டும், அக்கா சாப்பிடட்டும். அவனுக்கு முழுக் கச்சான் தொண்டையில் இறுகும். அவனுக்கென்று வாழைப்பழம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாமானையும் ஒரேயடியாக வெளியே எடுக்க வேண்டாம், ராகமை வர முன்பே எல்லாம் பழசாகிவிடும்.

போன் கொடுப்பது பாவமில்லை. எப்போது கொடுப்பது என்பதில்தான் பிழை விட்டீர்கள். கோட்டையிலேயே கொடுத்துவிட்டால் பிறகு கொடுக்க ஒன்றும் இருக்காது. பகல் தூக்கம் போட்டு எழும்பி, வவுனியா தாண்டிக் காடு மட்டும் வருகிற நேரத்தில்தான் சிணுங்கல் கூடும். அப்போது கொடுங்கள். மகளுக்குச் சத்தி வருகிற பழக்கம் இருந்தால் மட்டும் வேண்டாம். காது ஆடுகிறோம் என்கிறது, திரையைப் பார்க்கிற கண் இல்லை என்கிறது. அந்த இழுபறியில்தான் வயிறு பிரட்டும். அப்படியான பிள்ளைக்கு ஜன்னலும் தூரத்து மரங்களும்தான் மருந்து.

பரந்தன் வந்ததும் போனை வாங்கிப் பையில் போடுங்கள். அடுத்தது ஆனையிறவு, இரண்டு பக்கமும் தண்ணீர். அதற்குப் பிறகு பனை எண்ணத் தொடங்கினால் யாழ்ப்பாணம் வரை எண்ணி முடியாது.

எதற்கும் பவர் பேங்க் ஒன்று எடுத்துப்போங்கள்.

அன்புடன்,
அக்கா