இருட்டிய பிறகு துணி காயப்போடும் அப்பா

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 36. திருமங்கலம் பக்கம் வீடு. கப்பலூரில் ஒரு பட்டறையில் 11 வருடம் லேத் ஓட்டினேன். பட்டறையை மூடி 14 மாதம் ஆகிறது. மனைவி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்; மாதத்தில் ஒரு வாரம் நைட் டூட்டி. மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. சமையல், துணி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது எல்லாம் நான்தான்.

போன மாதம் பாண்டி கோவிலில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் குறையில்லாமல்தான் கொண்டுபோனோம். பந்தியில் வைத்து மச்சான், “பொண்டாட்டி காசுல சீர் செய்யிற மாமன்” என்றார். பாதி இலையில் எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. துணி காயப்போட மொட்டைமாடிக்கு இருட்டிய பிறகுதான் போகிறேன். பெட்ரோலுக்கு நூறு ரூபாய் கேட்க வாய் வருவதில்லை. அவள் கொடுத்தாலும் அவள் மேலேயே எரிந்து விழுகிறேன். பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். குடோனில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, 12 மணி நேரம், 9,000 ரூபாய். அதையாவது பிடித்துக்கொள்ளட்டுமா? நானெல்லாம் என்ன ஆம்பளை என்று இருக்கிறது.

– திருமங்கலம் வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

“உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?” என்று கேட்பது நம் பக்கத்துப் பழக்கம். சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டம் கட்டிச் செங்கோல் கொடுத்துக் கும்பிடுகிற ஊரே, மனைவி கை ஓங்கிய வீட்டைக் குத்திக்காட்டவும் அவள் ஆட்சியைத்தான் இழுக்கிறது. வீடு என்றால் யாராவது ஒருவர்தான் ஆள வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மச்சான் பேசியதும் அதே எண்ணத்தில்தான்.

யார் எந்த வேலையைச் செய்யப் பார்த்துப் பழகுகிறோமோ, அதையே அவர்களின் பிறவிக் குணம் என்று நம்பிவிடுகிறோம். சமூக உளவியலாளர் ஆலிஸ் ஈக்லி 1987-இல் இதை விரிவாக எழுதினார். 2019-இல் இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைத் தாங்களே செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் நாலில் ஒருவர்தான் அந்த வேலையைத் தொட்டார். தொட்டவர்களும் செலவிட்டது 97 நிமிடம். கண்ணில் படாத ஒன்றை ஊர் ஆண்மையில் சேர்க்காது. உங்களிடம் குறை இருப்பதால் வந்த கூச்சம் அல்ல இது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த நூறு ரூபாய். கேட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் காயம் புதிதாகிறது. கோபம் கொடுத்தவர் மேல் திரும்புகிறது. சம்பளம் வரும் நாளிலேயே வீட்டுச் செலவை இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் போட்டுவிடுங்கள். பிறகு இருவருக்கும் ஒரே தொகை, 1,000 என்றால் 1,000, அவரவர் கைச்செலவுக்கு. அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. பல வீடுகளில் இது கெடுவது எங்கே என்றால், கணவருக்கு மட்டும் ‘பாக்கெட் மணி’ என்று எடுத்துக் கொடுப்பதில். அப்படிச் செய்தால் அது மனைவி தரும் கூலி ஆகிவிடும். தமிழக அரசு 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, சம்பளமில்லாத வீட்டு உழைப்பை மதிக்கிறோம் என்று சொல்லித்தான் ‘உரிமைத் தொகை’ எனப் பேர் வைத்தது. அந்த உழைப்பை உங்கள் வீட்டில் செய்வது நீங்கள். இனி மொய் நோட்டில் இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

வாட்ச்மேன் வேலைக்கு அவசரப்படாதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 3,500, பெட்ரோலுக்கு 1,500, நைட் டூட்டி வாரத்தில் வெளிச்சாப்பாட்டுக்கு 1,500 என்று வைத்தால் மிஞ்சுவது 2,500. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். ஊர் வாயை மூட 12 மணி நேரத்தை விற்பதாகத்தான் முடியும். வேலைக்குப் போகும் ஆசை உங்களுக்கே இருந்தால், கைத்தொழில் இருக்கிறதே. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் லேத் பட்டறைகளில் கேளுங்கள்.

மச்சானிடம் ஒருமுறை, தனியாக, சபையில் வேண்டாம்: “வீட்டையும் பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன், அவ வேலைக்குப் போறா. சீர் எங்க ரெண்டு பேரோடது.” அதோடு நிறுத்துங்கள். பட்டறை மூடிய கதையை விளக்கப் போனால் அவர் பஞ்சாயத்துப் பண்ண உட்கார்ந்துவிடுவார்.

தூக்கக் கெடுதி இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது. அதனால் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். குடியில் கை போனாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ உடனே 14416-ஐக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மொட்டைமாடிக்கு முதல் வாரம் சாயங்காலம் ஐந்தரைக்குப் போங்கள். அடுத்த வாரம் காலை எட்டு மணிக்கு. நெஞ்சு படபடக்கும், பாதியில் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் பயம் கூடும், கடைசித் துணி வரை நின்றால் நாளாக நாளாகத் தணியும். மகனைக் கூட்டிப் போங்கள், கிளிப் எடுத்துக் கொடுக்கட்டும். படிவத்தில் அந்தக் கட்டத்தில் ‘இல்லப் பராமரிப்பு’ என்று எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து, தூக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.