கிளப் பொறுப்பை ஏற்கலாமா? ஆற்றங்கரையிலிருந்து சில பதில்கள்

ஃப்ளை ஃபிஷிங் பற்றி எழுதுங்கள், கேள்விகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை கிளப் நடத்துவது பற்றியவை. எனக்கு அதில் சந்தோஷம்தான். மிச்சிகனில் எங்கள் ஊர் கிளப்பில் பதினொரு வருடமாக ஏதாவது ஒரு பொறுப்பில் இருக்கிறேன். சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசு கூடக் கிடையாது. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்று நினைக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது புழு கோர்த்துப் போடும் தூண்டில் இல்லை. இறகும் நூலும் கொண்டு கொக்கியில் கட்டிய பூச்சி உருவம்தான் ஃப்ளை. அதற்கு எடையே கிடையாது. கனமான கயிற்றைப் பின்னும் முன்னும் வீசி, அந்தக் கயிற்றின் எடையால் பூச்சியைத் தண்ணீர்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். இனி, நீங்கள் அனுப்பிய கேள்விகளும் ஒவ்வொன்றின் கீழே என் பதிலும்.

நோவியில் ஐடி வேலையில் இருக்கிறேன். உள்ளூர் கிளப்பில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த வருட அவுட்டிங் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் கயிறே நேராக விழுவதில்லை. நான் எப்படி மற்றவர்களைக் கூட்டிப்போவது?

எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு வீசக் கற்றுக்கொடுக்க உங்கள் கிளப்பில் நாலு பேர் இருப்பார்கள், அதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். அவுட்டிங் பொறுப்பாளரின் வேலை வேறு. எந்த இடத்தில் வண்டி நிறுத்துவது, யார் யாரோடு ஜோடி, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எத்தனை மணிக்கு எல்லாரும் கரைக்குத் திரும்ப வேண்டும், இவைதான். புதிதாக வருகிறவருக்கு எது புரியாது என்பது ஒன்றரை வருடம் முன்னால் வந்த உங்களுக்குத்தான் நினைவிருக்கும். முப்பது வருடம் பழகியவர் அதை மறந்திருப்பார்.

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம், எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஆசேபிள் ஆற்றுக்குப் போனேன். இரண்டு நாள் முன்பு நல்ல மழை. வழக்கமாக முழங்கால் அளவு ஓடும் இடம்தானே என்று நான் நீர்மட்டத்தைப் பார்க்கவில்லை. அறுபத்தைந்து வயது உறுப்பினர் ஒருவர் கால் வழுக்கி விழுந்தார். ஆற்றில் இறங்கி நிற்கப் போட்டுக்கொள்ளும் நீர்புகாத உடைக்கு வேடர் என்று பெயர். அதன் இடுப்பு பெல்ட்டை அவர் தளர்த்தி விட்டிருந்தார். தண்ணீர் உள்ளே புகுந்து இரண்டு காலும் கனத்துப் போய், எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து இழுத்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து, முதல் நாள் இரவும் புறப்படும் காலையும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நீர்மட்டக் கணக்கைப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. எந்த ஆற்றில் வினாடிக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது என்று போனிலேயே தெரியும். கரையில் இறங்கும் முன் ஒவ்வொருவரின் பெல்ட்டிலும் விரலை விட்டுப் பார்ப்பேன். ஒரு விரல் நுழையலாம், இரண்டு விரல் நுழைந்தால் இறுக்கச் சொல்வேன். அவர்களுக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை, இடுப்பைத் தாமே நீட்டுகிறார்கள்.

கிளப் அவுட்டிங்குக்கு வருகிற குழந்தைகளுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

மிச்சிகனில் 17 வயதிலிருந்துதான் வேண்டும். பொறுப்பாளர்கள் தடுமாறுவது தேதியில். பழைய லைசென்ஸ் மார்ச் 31ஆம் தேதியோடு காலாவதி ஆகிவிடும். ட்ரவுட் மீன் இருக்கும் பல ஓடைகளில் சீசன் திறப்பதோ ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. அதனால் அறிவிப்பிலேயே ‘புது லைசென்ஸ் எடுத்தாயிற்றா?’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

எங்கள் கிளப் தலைவர் பன்னிரண்டு வருடமாக அதே பதவியில் இருக்கிறார். நல்ல மனிதர், களைத்துப் போய்விட்டார். ‘யாராவது முன்வாருங்கள்’ என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார். எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். நான் செயலாளர். என்ன செய்யலாம்?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை. ‘தலைவர்’ என்று சொன்னதும் பன்னிரண்டு வருடம் கண்முன் வருகிறது, அதுதான் காரணம்.

முதலில் அவரோடு உட்கார்ந்து, ஒரு வருடத்தில் அவர் செய்யும் வேலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் கிளப்பில் எழுதியபோது முப்பத்தொன்று வந்தது. ஹால் சாவி வாங்குவது, காபி போடுவது, பேச்சாளருக்கு மெயில் அனுப்புவது, வருடாந்தர விருந்துக்குக் குலுக்கல் பரிசு கேட்டுக் கடை கடையாக ஏறுவது. இதில் தலைவர்தான் செய்தாக வேண்டும் என்று இருந்தது ஐந்தோ ஆறோ. மற்றதெல்லாம் காலப்போக்கில் அவர் தலையில் வந்து விழுந்தவை.

அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, ஒரே ஒரு வேலையை, தேதி வைத்துக் கேளுங்கள். ‘ஜனவரியிலிருந்து மார்ச் வரை, ஃப்ளை கட்டும் இரவுகளுக்கு ஹாலைத் திறந்து மூட முடியுமா?’ இப்படிக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். மார்ச் முடிந்ததும் நன்றி சொல்லி உண்மையிலேயே விடுவித்துவிட வேண்டும். அப்படி விட்டால் அவரே அடுத்து வேறொன்றைக் கேட்டு வருவார். விடாமல் பிடித்து வைத்தால் கிளப்பையே விட்டுப் போய்விடுவார். தலைவர் பதவிக்கு இரண்டு வருடம் என்று விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும், மெயில் பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும்.

1959 ஜூலையில், கிரேலிங் ஊருக்குப் பக்கத்தில் ஆசேபிள் கரையில் இருந்த ஜார்ஜ் கிரிஃபித் வீட்டில் பதினாறு பேர் கூடித்தான், ட்ரவுட் மீனையும் அது வாழும் ஆறுகளையும் காக்கும் ட்ரவுட் அன்லிமிடெட் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள அமைப்பு அது. முதல் தலைவரானவர் கேஸி வெஸ்டெல். கூட்டம் நடந்தது தன் வீட்டில்தான் என்றாலும் கிரிஃபித் முதல் நாற்காலியில் உட்காரவில்லை. அந்த அமைப்பைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

பதவி விட்டவரை ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் ஆசையாகச் செய்யும் ஒன்று இருக்கும், அதை மட்டும் அவரிடமே விட்டுவையுங்கள். எங்கள் பழைய தலைவர் இப்போது குளிர்கால இரவுகளில் ஆடம்ஸ் ஃப்ளை கட்டச் சொல்லித் தருகிறார். 1922ல் இதே மிச்சிகனில், மேஃபீல்டு என்ற சிற்றூரில் லென் ஹாலடே கட்டிய பூச்சி அது. சாம்பல் நிற உடம்பு. பழுப்புச் சேவல் இறகு ஒன்று, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சேவல் இறகு ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, சுற்றுக்குச் சுற்று மேலேறாமல் கொக்கியில் சுற்றுவார். அவருக்குக் கை லேசாக நடுங்கும், நூல் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிடும். பத்து வயதுப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் சைவம். பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது மட்டும் பாவமில்லையா என்று அம்மா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. கிளப்பில் இதைப் பேசலாமா?

பேசுங்கள், தயவுசெய்து பேசுங்கள். அம்மாவின் கேள்வி நியாயமானது. கொக்கி குத்துகிறது, மீன் போராடிக் களைக்கிறது, விட்ட பிறகும் சில மீன்கள் சாகின்றன. இதை மறைத்துப் பேசும் கிளப் எனக்குப் பிடிக்காது.

கிளப் பொறுப்பில் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும், உலர்ந்த கை பட்டால் அதன் மேல்படலம் உரிந்துவிடும். போட்டோவுக்காக நீருக்கு வெளியே தூக்கிப் பிடித்திருக்கக் கூடாது. மிக முக்கியமானது வெப்பம். ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை, இங்குள்ள கணக்கில் 68 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் தூண்டிலை மடக்கிவிட வேண்டும். ஜூலை மாதத்தில் எத்தனையோ அவுட்டிங்கை நான் ஆற்றங்கரைக்குப் போன பிறகு ரத்து செய்திருக்கிறேன். மூன்று மணிநேரம் வண்டி ஓட்டி வந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்தான். தெர்மாமீட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்து நீரில் வைக்கச் சொல்லுங்கள், கோபம் குறையும்.

இங்கே கிரேலிங் என்ற ஊரே ஒரு மீனின் பெயரைக் கொண்டது. மரம் வெட்டி ஆற்றில் உருட்டிவிட்டதிலும், கணக்கில்லாமல் பிடித்ததிலும், வெளியிலிருந்து கொண்டுவந்த ட்ரவுட்டோடு போட்டியிட முடியாமலும், 1930களோடு அந்த மீன் மிச்சிகனில் அற்றுப் போனது. அதைத் திரும்பக் கொண்டுவர மாநில இயற்கை வளத் துறையும் லிட்டில் ரிவர் பேண்ட் என்ற பூர்வகுடி மக்களும் 2016ல் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். கொக்கியைத் தொடவே விருப்பமில்லாதவர்களுக்கும் கிளப்பில் இடம் உண்டு: கரையில் மரம் நடலாம், பூச்சி எண்ணலாம். அம்மாவை ஒருநாள் கூட்டி வாருங்கள்.

கிளப் முழுக்க வயதான ஆண்கள். மனைவிக்கு ஆசை இருக்கிறது, வரத் தயங்குகிறார்.

உங்கள் கிளப்பின் இரவல் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் பூட்ஸ் எல்லாம் பத்தாம் நம்பருக்கு மேல்தான் இருக்கும். தனக்கு ஏற்ற பூட்ஸ் ஒரு ஜோடி கூட இல்லாத இடத்தில், ‘எல்லாரும் வாங்க’ என்று அழைப்பதில் பலனில்லை. எங்கள் கிளப்பில் சின்ன அளவு வேடர் மூன்று வாங்கினோம், அந்த வருடமே ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். வீச்சுக்குத் தோள்பலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1951ல் ஆண்கள் மட்டுமே இருந்த தூர வீச்சுப் போட்டியில் ஜோன் வுல்ஃப் என்ற பெண் வென்றிருக்கிறார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்காகவே காஸ்டிங் ஃபார் ரெகவரி என்ற அமைப்பு 1996லிருந்து முகாம் நடத்துகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் கைக்குச் சொல்லித் தரும் பயிற்சியைப் போன்றதுதான் இந்த வீச்சின் மெல்லிய அசைவு.

பொருளாளராக இருக்கிறேன். வரவு மிகவும் குறைவு. வரித்துறைக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமா?

அனுப்ப வேண்டும். தனித்து இயங்கும் கிளப், வரிவிலக்கு பெற்றது, வருட வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் 990-என் என்ற மின்படிவம். பத்து நிமிட வேலை. தொடர்ந்து மூன்று வருடம் விட்டுவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். தேசிய அமைப்பின் கிளை என்றால் அவர்களின் நடைமுறையைக் கேட்டுச் செய்யுங்கள்.

குழந்தைகளை கிளப்புக்குள் கொண்டுவர எது நல்ல வழி? கயிறு வீசச் சொன்னால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறார்கள்.

வீசச் சொல்லாதீர்கள், ஆற்றுக்குள் வாழும் பூச்சிகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஐஸ் கட்டித் தட்டு ஒன்று. வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் கூழாங்கல்லைக் காலால் கிளற வேண்டும். வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் முதலில் இலைச் சருகும் மணலும்தான் தெரியும். அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். சருகு நடக்க ஆரம்பிக்கும். மூன்று வால் உள்ளது பெரும்பாலும் மேஃப்ளை, வயிற்றின் இரு பக்கமும் செவுள் படபடக்கும். இரண்டு வால், நிதான நடை என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலும் குச்சியும் ஒட்டித் தனக்கே ஒரு கூடு கட்டி இழுத்துக்கொண்டு போவது கேடிஸ். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் ஐஸ் தட்டில் வகை பிரித்துப் போடுவார்கள். சுத்தமான, குளிர்ந்த நீரில்தான் ஸ்டோன்ஃப்ளை இருக்கும் என்று சொல்லிவிட்டால், அதைக் கண்டுபிடிக்க உயிரைக் கொடுத்துத் தேடுவார்கள். ஆன் ஆர்பர் பக்கம் இருப்பவர்களுக்கு, ஹ்யூரான் ஆற்று வடிநிலக் கவுன்சில் ஜனவரியில் நடத்தும் ஸ்டோன்ஃப்ளை தேடல் இருக்கிறது. பனிக்கு நடுவில் இறங்க வேண்டும், ஆனால் குடும்பமாகப் போகலாம்.

முடிந்ததும் எல்லாவற்றையும் ஆற்றிலேயே விட்டுவிட்டு, பூட்ஸைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். நியூசிலாந்து சேற்று நத்தை 2015ல் பெரே மார்க்கெட் ஆற்றில் தென்பட்டது, பிறகு ஆசேபிளுக்கும் வந்துவிட்டது. அரிசிமணி அளவுதான் இருக்கும், ஆணில்லாமலே ஒற்றை நத்தை பெருகிவிடும். கிளப்பின் இரவல் பூட்ஸ்தான் ஆறு மாறி ஆறு போகிறது, அதனால் இது பொறுப்பாளரின் வேலை.

குன்னூரில் இருக்கிறேன். ஆறு பேர் சேர்ந்து இங்கே ஒரு கிளப் தொடங்க நினைக்கிறோம்.

நீங்கள் இருப்பது இதற்குப் பழைய மண். 1877லேயே நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்குமாக ஒரு சங்கம் உருவாயிற்று, 1879ல் மீனையும் விலங்கையும் காக்கத் தனிச்சட்டமே வந்தது. அந்தச் சங்கம் இன்று காட்டுயிர், சுற்றுச்சூழல் சங்கமாக மாறி உழைக்கிறது. முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டின் குஞ்சு பொரிப்பகம் அவலாஞ்சியில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ட்ரவுட் நம் மலைக்கு வெளியூர் மீன் என்பதை உறுப்பினர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் மீன் 2018லிருந்து அழியும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் மிக அருகிய இனம், அதன் பக்கம் தூண்டிலோடு போக வேண்டாம்.

மீன்வளத் துறை அனுமதி ஒன்று, காட்டுக்குள் ஓடை என்றால் வனத்துறை அனுமதி வேறு. இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் முதல் அவுட்டிங். அது கிடைக்கும் வரை ஆறு பேரும் யார் வீட்டிலாவது உட்கார்ந்து ஃப்ளை கட்டிப் பழகுங்கள். சேவல் இறகுக்கு ஊர்ச் சந்தையிலேயே ஆள் பிடிக்கலாம்.