கேஸ் ரசீதா, மைல் கணக்கா?

கேள்வி: டாலஸ் பக்கம் சீமந்தம், பிறந்தநாள், நிச்சயதார்த்தம் போன்ற விழாக்களுக்கு மேடை அலங்காரம் செய்து தருகிறேன். 2025 ஜனவரியில் தொடங்கிய தொழில், கூட்டாளி யாரும் இல்லை. 2019ல் வாங்கிய எங்கள் குடும்ப மினிவேனில்தான் சாமான்களை ஏற்றிப் போகிறேன். கேஸ் (பெட்ரோல்) போட்ட ரசீதுகளையெல்லாம் ஒரு கவரில் சேர்த்து வைத்திருக்கிறேன். வருமான வரிக் கணக்கில் மைலுக்கு இத்தனை சென்ட் என்றும் கழிக்கலாம் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கழிக்கலாமா? வருகிற காசில் பெரும்பங்கு கேஸுக்கே போவதுபோல் இருக்கிறது.

பதில்: இரண்டையும் சேர்த்துக் கழிக்க முடியாது, சகோதரி. ஒரு வண்டிக்கு ஒரு வருடத்தில் ஒரு வழிதான். ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) நிர்ணயித்த மைல் விகிதத்தை எடுத்தால் கேஸ், இன்சூரன்ஸ், ஆயில் மாற்றம், டயர், பழுது, தேய்மானம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். 2024ல் அது மைலுக்கு 67 சென்ட். 2025க்கு 70 சென்ட். உண்மைச் செலவு வழியை எடுத்தால் எல்லாப் பில்லையும் கூட்டி, அதில் தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும் கழிக்கலாம்.

உங்கள் வண்டியைப் போன்ற ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்தில் 18,000 மைல் ஓட்டம், அதில் தொழிலுக்கு 11,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைல் வழியில் கழிவு 7,700 டாலர். இப்போது பில் வழி, அதாவது உண்மைச் செலவு வழி. காலனுக்கு 25 மைல், காலன் 3 டாலர் என்றால் கேஸ் 2,160. இன்சூரன்ஸ் 1,900, பழுதும் டயரும் 1,100, பதிவுக் கட்டணம் 100. தொழிலுக்குக் கொண்டுவந்த அன்று வண்டியின் சந்தை மதிப்பு 12,000 என்றால் முதல் வருடத் தேய்மானம் 20%, அதாவது 2,400. மொத்தம் 7,660. அதில் 61% மட்டுமே தொழிலின் பங்கு. ஏறத்தாழ 4,680 டாலர்தான் தேறும். பழைய, நம்பகமான வண்டியில் நிறைய ஓடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மைல் வழிதான் லாபம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சொந்த வண்டிக்குத் தொழிலில் இறக்கிய முதல் வருடமே மைல் வழியை எடுத்தால், பின்னொரு வருடம் உண்மைச் செலவுக்கு மாறிக்கொள்ளலாம். முதல் வருடத்தில் துரிதத் தேய்மானத்தோடு (ஆரம்ப வருடங்களில் அதிகமாகக் கழிக்கும் முறை) பில் வழிக்குப் போய்விட்டால், அந்த வண்டிக்கு மைல் வழி பிறகு கிடையாது. நாளைக்கே 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடைப் பிரிவில் பெரிய வண்டி ஒன்றைத் தொழிலுக்கென்று வாங்கினால் கணக்கு தலைகீழாகலாம். வாங்கும் முன்பே கேளுங்கள்.

கேஸ் ரசீதுக் கவரைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மைல் வழியில் அந்த ரசீதுகள் உங்கள் கழிவைக் காப்பாற்றாது. காப்பாற்றப்போவது ஓட்டப் பதிவேடு: தேதி, எங்கே போனீர்கள், எதற்காக, எத்தனை மைல். சுயதொழில் வரவுசெலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தின் நான்காம் பகுதியைப் பாருங்கள். தொழில் மைல், வேலைக்குப் போய்வந்த மைல், சொந்த மைல் மூன்றையும் தனித்தனியே கேட்பார்கள். அடுத்து, ஆதாரம் உண்டா என்று அதே பகுதியின் 47ஏ கட்டம் கேட்கும். எழுத்தில் உண்டா என்று 47பி கேட்கும். வண்டிச் செலவில் உத்தேசக் கணக்கைச் சட்டம் ஏற்பதில்லை. 11,000 என்ற முழு எண்ணை நான் உதாரணத்துக்கு எழுதலாம். நீங்கள் படிவத்தில் எழுதினால் தணிக்கையாளரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

2025க்குப் பதிவேடு இல்லையென்றால் கற்பனையில் நிரப்பாதீர்கள். ஒவ்வொரு விழாவின் இன்வாய்ஸையும், போன் காலண்டரையும், வாடிக்கையாளரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்துவைத்து, முகவரிக்கு முகவரி தூரம் பாருங்கள். ஆயில் மாற்றிய பில்லில் ஓடோமீட்டர் எண் இருக்கும். மொத்த ஓட்டத்துக்கு அது சாட்சி. அன்றன்றைக்கு எழுதிய பதிவுக்கு இருக்கும் பலம் இதற்கு இருக்காது, ஆனாலும் உண்மையான தடயங்களிலிருந்து எழுந்த கணக்கு இது. இனிமேல் வண்டியிலேயே ஒரு நோட்டோ, போனில் ஒரு செயலியோ வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 அன்று ஓடோமீட்டரைப் படமெடுத்து வையுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் பயணம் எது கணக்கில் வரும் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தொழிலின் முக்கிய இடமாக, தொழிலுக்கு மட்டுமே என்று வீட்டில் ஓர் இடத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால், அங்கிருந்து சாமான் கிடங்குக்கும் மண்டபத்துக்கும் போகிற மைல்கள் தொழில் மைல்களே. அப்படி இல்லாமல் வெளியே ஒரு கடை உங்கள் வேலையிடம் என்றால், வீட்டுக்கும் கடைக்கும் போய்வருவது கழியாது. மண்டபத்திலிருந்து திரும்பும் வழியில் பிள்ளையை நடன வகுப்பில் விடச் சுற்றிய மைல்களும் சேராது.

மைல் வழியிலும் தனியாகக் கழிக்கக்கூடியவை உண்டு: தொழிலுக்காகப் போனபோது கட்டிய டோல், பார்க்கிங், வண்டிக் கடன் இருந்தால் வட்டியில் தொழிலின் பங்கு. டாலஸில் டோல் பில் மாதாமாதம் கூடிக்கொண்டே போகும், விட்டுவிடாதீர்கள். போக்குவரத்து அபராதம் மட்டும் கழியாது.

கேஸ் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கின்படி மைலுக்குக் கேஸ் 12 சென்ட்தான். வண்டியைத் தேய்ப்பதும் மற்றச் செலவும் கண்ணுக்குத் தெரியாமல் அதைவிட அதிகம் தின்கின்றன. 40 மைல் தள்ளி ஒரு மண்டபம் என்றால், கட்ட ஒருமுறை, பிரிக்க ஒருமுறை போய்வர 160 மைல். கேஸ் 19 டாலர்தானே என்று வாடிக்கையாளரிடம் ஒன்றும் கேட்காமல் விடுகிறீர்கள். 70 சென்ட் விகிதத்தில் அது 112 டாலர். இத்தனை மைலுக்கு மேல் பயணக் கட்டணம் உண்டு என்று விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். வாங்கும் கட்டணம் வருமானத்தில் சேரும், ஓடிய மைல் கழிவில் சேரும். நெடுஞ்சாலையில் 50 மைல் வேகத்துக்கு மேல் போகப்போகக் கேஸ் வேகமாகக் கரையும். மேல் கேரியர் வேண்டாத நாளில் கழற்றிவையுங்கள், டயர் காற்றையும் பாருங்கள். இதெல்லாம் உதவும்தான், ஆனால் விலையைச் சரிசெய்வதில் கிடைக்கும் மிச்சம் இதில் வராது.

7,700 டாலர் கழிவு என்றால் அத்தனையும் கைக்கு வந்துவிடாது. உங்கள் வீட்டு வருமானம் வருமான வரியின் 22% அடுக்கில் இருந்தால், சுயதொழில் வரியையும் (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்காகக் கட்டுவது) சேர்த்து 2,300 டாலருக்குச் சற்று முன்பின்னாக மிச்சமாகும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அதனால் அவ்வளவுதான்.

வண்டியை விற்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். 2025ன் 70 சென்ட்டில் 33 சென்ட் தேய்மானமாகக் கருதப்படும். தொழில் பங்கின் அடக்க மதிப்பை (வரிக்கணக்கில் வண்டிக்கு வைக்கும் விலை) அது குறைக்கும், நல்ல விலைக்கு விற்றால் அந்தப் பங்குக்கு வரி வரலாம். அதற்காகவும் ஒவ்வொரு வருடத் தொழில் மைலையும் எழுதி, வண்டியை விற்ற பிறகும் சில வருடம் பத்திரப்படுத்துங்கள்.