வாரம் 35 பவுண்டும் மாதம் 520 யூரோவும்: குதிரையோடு நாடு மாறுபவருக்கான லாயக் கணக்கு

கேள்வி: பர்மிங்காம் அருகே ஒரு லாயத்தில் வாரம் 35 பவுண்டு கொடுத்து என் பெட்டைக் குதிரையை வைத்திருக்கிறேன். தீனி வைப்பது, சாணம் அள்ளுவது எல்லாம் நானும் என் மகளும்தான். அடுத்த ஆண்டு வேலை மாற்றலாகி ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டுக்கோ நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனுக்கோ போக வேண்டும். ஷ்டுட்கார்ட் அருகே ஒரு லாயத்தில் மாதம் 520 யூரோ கேட்கிறார்கள், ஐண்ட்ஹோவனில் 380. இப்போது கொடுப்பதைவிட இரண்டு, மூன்று மடங்கு ஆகிறதே. ஐரோப்பாவில் எந்த நாட்டில்தான் இது கட்டுப்படியாகும்?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொகைகளும் மூன்று வெவ்வேறு சேவைகளுக்கான விலைகள். அவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது. பர்மிங்காமில் நீங்கள் கொடுக்கும் 35 பவுண்டு ஓர் அறைக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பங்குக்குமான வாடகை மட்டுமே. இடத்தை மட்டும் வாடகைக்குக் கொடுத்து, குதிரையின் வேலை முழுவதையும் உரிமையாளரிடமே விட்டுவிடும் இந்த முறை பிரிட்டனில் மிகவும் பரவலானது. ஜெர்மனியில் இதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே லாயம் என்றாலே பெரும்பாலும் உலர்புல், படுக்கை, தீனி வைக்கும் ஆள், சாணம் அள்ளும் ஆள் ஆகிய அனைத்தும் சேர்ந்த மாதக் கட்டணம்தான்.

முதலில் வாரக் கணக்கை மாதக் கணக்காக மாற்றுங்கள். நான்கால் பெருக்குவது தவறு. 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். 35 பவுண்டு அப்போது 140 ஆகாது, ஏறத்தாழ 152 ஆகும். பிரிட்டனையும் பிற நாடுகளையும் ஒப்பிடுபவர்கள் பலர் இந்த முதல் படியிலேயே ஆண்டுக்கு 140 பவுண்டைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, உங்கள் சட்டைப்பையிலிருந்து தனியாகப் போகும் செலவுகள். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு மேய்ச்சல் இல்லாத நாட்களில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்புல் வேண்டும். மாதத்துக்கு 300 கிலோ. கிலோ 20 பென்ஸ் என்று வைத்தால் மாதம் 60 பவுண்டு. ஆண்டில் ஏழு மாதங்கள் உலர்புல் போடுகிறீர்கள் என்றால், பன்னிரண்டு மாதங்களுக்குப் பரப்பிப் பார்க்கையில் மாதம் 35 பவுண்டு. படுக்கைக்கான வைக்கோலோ மரச்சீவலோ இன்னொரு 35 என்று கொள்வோம். காலையும் மாலையும் இரண்டு முறை லாயத்துக்குப் போய்வருகிறீர்கள். ஆள் வைத்துப் பார்க்கும் லாயமாக இருந்தால் ஒரு முறை போனால் போதும். அந்த இரண்டாவது பயணத்தின் பெட்ரோல், லாயம் ஐந்து மைல் தொலைவில் இருந்தால், மாதம் 45 பவுண்டு அளவில் வரும். எல்லாம் கூட்டினால் 267 பவுண்டு; ஒரு பவுண்டுக்கு 1.15 யூரோ என்ற கணக்கில் சுமார் 307 யூரோ. இவை நான் எடுத்துக்கொண்ட மாதிரித் தொகைகள். உங்கள் ரசீதுகளை எடுத்து வைத்து அந்த இடங்களில் உங்கள் சொந்தத் தொகைகளை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆக, உண்மையான இடைவெளி 307க்கும் 520க்கும் இடையிலான 213 யூரோ. அது எங்கே போகிறது? தீனி வைக்க, அறையைச் சுத்தம் செய்ய, குதிரையை வெளியே விட்டு மீண்டும் கட்ட, பழகிய ஆளுக்கு ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்றால் மாதம் 15 மணி நேரம். ஜெர்மனியின் 2025ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ, 15 மணிக்கு 192 யூரோ. முதலாளி கட்டும் சமூகக் காப்பீடு இதற்கு மேல். கட்டணத்தில் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் அடங்கியிருந்தால், 520இல் 83 யூரோ அரசுக்குப் போகிறது. இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது ஷ்டுட்கார்ட் போன்ற செலவு மிகுந்த நகரத்தின் அருகே 520 யூரோ என்பது நியாயமான விலையாகவே எனக்குப் படுகிறது. அந்த லாயத்தின் விலை இதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்திருந்தால்தான் எதை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நான் கேட்டிருப்பேன்: ஆட்களையா, உலர்புல்லையா, படுக்கையையா என்று.

ஐண்ட்ஹோவனின் 380 அந்தக் கேள்விக்குத்தான் உரியது. நெதர்லாந்தில் குறைந்தபட்ச ஊதியம் ஜெர்மனியைவிட அதிகம் (2025 ஜனவரியில் மணிக்கு 14.06 யூரோ), வரியின் பொது விகிதம் 21 சதவீதம், நிலத்தின் விலையோ ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. சாணத்தை அப்புறப்படுத்துவதற்கும் அங்கே கடுமையான விதிகள் உண்டு. இத்தனைக்கும் பிறகு 140 யூரோ குறைகிறது என்றால் ஏதோ ஒன்று கட்டணத்துக்கு வெளியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையைச் சுத்தம் செய்வது உங்கள் பொறுப்பா? உலர்புல் எத்தனை கிலோ, எத்தனை வேளை? நிலம் ஈரமாக இருக்கும் மாதங்களில் மேய்ச்சல் வெளியை மூடிவிடுகிறார்களா, மூடினால் குதிரை மணல் திடலிலாவது நிற்குமா, அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்குமா? வெளியே விடும் வேலைக்குத் தனிக் கட்டணமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நாள் முழுவதும் அறையில் நிற்கும் குதிரைக்கு வயிற்றுவலியும் மூச்சுத் தொல்லையும் கெட்ட பழக்கங்களும் எளிதில் வருகின்றன. மாதம் 140 யூரோவில் மிச்சம் பிடித்ததை ஒரே ஒரு குடல் அறுவை சிகிச்சை பல ஆயிரங்களாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

மற்ற நாடுகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கட்டணப் பட்டியலில் உச்சியில் இருப்பது சுவிட்சர்லாந்து. ஊதியமும் நிலமும் அங்கே விலை உயர்ந்தவை என்பதோடு, சட்டமே தரத்தை உயர்த்திப் பிடிக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணை குதிரையைக் கட்டி வைத்தே வளர்ப்பதைத் தடை செய்தது. ஒவ்வொரு குதிரைக்கும் இன்னொரு குதிரையின் அருகாமை இருக்க வேண்டும் என்கிறது. அறையின் பரப்பைக் குதிரையின் தோள் உயரத்தை வைத்து வரையறுக்கிறது. குதிரை வேலிக்கு முள்கம்பியை அனுமதிப்பதில்லை. அங்கே கொடுக்கும் கூடுதல் ஃபிராங்குகளில் ஒரு பகுதி இந்தப் பாதுகாப்புக்கானது, அதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். மறுமுனையில் போலந்து: 2025இல் அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 30.50 ஸ்லோட்டி, அதாவது ஏறத்தாழ 7.20 யூரோ. ஜெர்மனியில் 192 யூரோ பெறும் அதே 15 மணி நேர உழைப்பு அங்கே 108 யூரோ. கட்டண வேறுபாட்டின் பெரும்பகுதி இதுதான். குதிரை தின்னும் அளவு எந்த நாட்டிலும் மாறுவதில்லை. ஸ்பெயினின் தெற்கில் கட்டணம் குறைவாகத் தெரியும், ஆனால் அங்கே பசும்புல் மேய்ச்சலை எதிர்பார்க்க முடியாது. ஆண்டு முழுவதும் விலைக்கு வாங்கிய தீவனம்தான், குதிரையும் பெரும்பாலும் சிறிய மணல் திடலில்தான் நிற்கும். ஸ்வீடனில் குளிர்காலம் நீளம், உலர்புல் போடும் மாதங்களும் அதிகம்.

ஒரு நாட்டுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு பல நேரங்களில் நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரியது. மியூனிக் அருகே அறை கேட்பவரும் வடகிழக்கு ஜெர்மனியில் கேட்பவரும் ஒரே நாட்டில் இருப்பதாகவே தோன்றாது. பாரிஸுக்கும் நார்மண்டியின் உட்பகுதிக்கும், லண்டனுக்கும் வேல்ஸுக்கும் இடையிலும் அப்படியே. எனவே நாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட, நகரத்திலிருந்து இன்னும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போகலாமா என்பதே உங்களுக்குப் பயனுள்ள கேள்வி. ஜெர்மனியில் திறந்த லாயங்களையும் பாருங்கள். தனி அறை இல்லாமல், கூரையும் வெளியும் சேர்ந்த இடத்தில் குதிரைகள் கூட்டமாக வாழும் முறை அது. தனி அறையைவிடப் பொதுவாக மலிவு. உங்கள் குதிரை இன்று மற்றக் குதிரைகளோடு சேர்ந்து மேய்ந்து பழகியது என்றால், அதற்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

லாயக் கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவுகளில் மருத்துவச் செலவு நாட்டுக்கு நாடு அடிப்படையிலேயே மாறுகிறது. பிரிட்டனில் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கட்டணத்தைத் தானே முடிவு செய்கிறது. ஜெர்மனியில் விலங்கு மருத்துவர்களுக்கான கட்டணங்களை அரசு ஆணை வகுத்திருக்கிறது; 2022 நவம்பர் 22 முதல் நடப்பிலுள்ள புதிய பட்டியல்படி மருத்துவர் அடிப்படைத் தொகையிலிருந்து மூன்று மடங்கு வரை வாங்கலாம், அவசர சேவை நேரத்தில் அதற்கும் மேலே. அடிப்படைத் தொகைக்குக் கீழே இறங்க அவருக்குப் பொதுவாக உரிமை இல்லை என்பதால் பேரம் பேச இடமில்லை. பொறுப்புக் காப்பீட்டையும் உடனே எடுங்கள்: ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 833ஆம் பிரிவின்படி, பொழுதுபோக்குக்காக வளர்க்கும் குதிரை யாருக்கேனும் சேதம் விளைவித்தால், உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லாவிட்டாலும் நீங்களே பொறுப்பு. இந்தக் காப்பீடு இல்லாமல் குதிரையைச் சேர்க்கும் லாயம் அரிது. லாடம் அடிக்கும் செலவு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கேயும் உண்டு. பின்னங்கால்களுக்கு லாடம் உண்மையிலேயே தேவையா என்று லாடக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகையாகக்கூடிய ஒன்று. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிநாடு. குதிரைக்கு அடையாளக் கடவுச்சீட்டோடு, அரசு அங்கீகரித்த மருத்துவர் கையொப்பமிட்ட ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ், தொற்று இரத்தசோகை இல்லை என்பதற்கான இரத்தப் பரிசோதனை, விலங்குகளைச் சோதிக்கும் எல்லை நிலையம் வழியான நுழைவு ஆகியவை வேண்டும். அதோடு இறக்குமதியின்போது மதிப்புக் கூட்டு வரி: 8,000 யூரோ மதிப்புள்ள குதிரைக்கு 19 சதவீதம் என்றால் 1,520 யூரோ. ஆனால் குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருபவரின் சொந்த உடைமைகளுக்கு ஒன்றியம் தரும் சுங்க, வரி விலக்கில் சவாரிக் குதிரைகளும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் குறைந்தது 12 மாதங்கள் ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். குதிரை மாற்றத்துக்கு முன்பு குறைந்தது ஆறு மாதங்கள் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். குடியேறிய 12 மாதங்களுக்குள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பிறகு 12 மாதங்கள் அதை விற்கவோ வாடகைக்கோ இரவலாகவோ கொடுக்கவோ கூடாது. குதிரையை ஏற்றுவதற்கு முன்பே சுங்கத் துறைக்கு விண்ணப்பியுங்கள். வாங்கிய ரசீது, லாய ஒப்பந்தம், பழைய மருத்துவ ரசீதுகள் ஆகியவற்றை ஆதாரமாகச் சேர்த்து வையுங்கள்.

இரண்டு ஊர்களுக்கும் பிப்ரவரியில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லா லாயமும் அழகாகவே தெரியும். சேறு எந்த அளவு, குதிரைகள் வெளியே நிற்கின்றனவா, உலர்புல் பூஞ்சை வாடை இல்லாமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் கட்டண உயர்வுக்கும் வெளியேறுவதற்கும் எத்தனை வார முன்னறிவிப்பு என்பதைக் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய விவரங்களை மட்டும் வைத்துச் சொல்வதானால், ஐண்ட்ஹோவன் லாயம் ஆண்டு முழுவதும் தினமும் குதிரையை வெளியே விடுவதாக எழுதித் தராத வரையில், நான் ஷ்டுட்கார்ட்டின் 520 யூரோவையே தேர்ந்தெடுப்பேன்.