வலையில் சிக்கிய கடலாமை அசையாமல் கிடந்தால் உடனே கடலில் விடலாமா?

கூடாது. குளச்சல், முட்டம் பக்கம் இழுவலையில் ஏறும் பங்குனி ஆமை செத்ததுபோல் தெரிந்தாலும் ஆழ்மயக்கத்தில் இருக்கலாம். அதாவது, உயிர் உண்டு. மூச்சும் அசைவும் வெளியே தெரியாது.

ஆமைக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். நிதானமாக மூழ்கும்போது இதயத்துடிப்பு குறைந்து, இருக்கும் ஆக்சிஜன் நெடுநேரம் வரும். வலையில் துடித்தால் அது சீக்கிரம் தீர்ந்து, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் ஒரு விளக்குக்கு மணிக்கணக்கில் தாங்கும். மோட்டாரைப் போட்டால் படுத்துவிடும், மறுபடி சார்ஜ் ஏற நேரமாகும். அமிலம் குறையவும் அப்படித்தான், பல மணி நேரம்.

வயிறு தரையில் படக் கிடத்தி, பின்பக்கத்தை அரையடி உயர்த்துங்கள். நுரையீரல் தண்ணீர் வடியும். நிழலும் ஈரத்துணியும் வேண்டும், மூக்கை மட்டும் மூடாதீர்கள். ஓட்டின் விளிம்பைப் பிடித்து அவ்வப்போது இடவலமாக மெல்லச் சாய்க்கலாம். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை வாலை லேசாகக் கிள்ளிப் பாருங்கள். குறைந்தது 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம் பொறுக்கணும். இதற்கிடையில் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்கியே சாகும்.

மல்லாத்திப் போட்டு நெஞ்சை அமுக்கினால் தண்ணீர் வெளியேறும் என்பார்கள். ஆமையின் நுரையீரல் முதுகோட்டுக்கு அடியில் இருப்பதால், மல்லாந்தால் குடலின் கனம் அதன்மேல் இறங்கி மூச்சை இன்னும் அடைக்கும்.